நமுத்துப்போன தட்டை விற்று ஓடும் ரயில்: ச்சோஷியில் ஒரு நாள்

நேரமில்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ச்சோஷி டென்டெட்சு என்கிற இந்த ரயிலை வெறும் போக்குவரத்து வசதியாக மட்டும் பார்த்தால் சுமார்தான். மொத்தமே 6.4 கிலோமீட்டர், பத்து ஸ்டேஷன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது நிமிடம், ஒரு வண்டியை விட்டுவிட்டால் அடுத்ததற்கு அரை மணியாவது, சில வேளை ஒரு மணி நேரம்கூட, பலகையில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டும். ஆனால் டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர ஏதாவது ஊர் சொல்லுங்கள் என்று கேட்டால், காமகுராவையும் ஹகோனேயையும் பார்த்து முடித்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஊரைப் பார்க்கக் கிளம்பாதீர்கள். ரயிலில் ஏறுவதற்காகவே போங்கள், வழியில் ஊர் தானாக வந்து சேரும்.

ச்சோஷி எங்கே இருக்கிறது என்றால், ச்சிபா மாகாணத்தின் கிழக்குக் கோடியில், வரைபடத்தில் மூக்கு மாதிரி பசிபிக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். வடக்கே தோனே ஆறு கடலில் கலக்கிறது, கிழக்கிலும் தெற்கிலும் கடல். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஷியோசாய் என்ற விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 58,000 சொச்சம். 1960களில் 90,000க்கு மேல் இருந்த ஊர் இது. அந்த வித்தியாசம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே கண்ணில் படுகிறது. அகலமான சாலை, வரிசையாகக் கடைகள், அதில் பாதிக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது. ஆனால் மீன் விஷயத்தில் மட்டும் ஊர் சுருங்கவில்லை. 2011 முதல் 2022 வரை வருடா வருடம் ஜப்பானிலேயே அதிக எடை மீன் இறங்கிய துறைமுகம் இதுதான். மத்தியும் கானாங்கெளுத்தியும் டன் டன்னாக வந்து இறங்குகிற இடம்.

சரி, ரயிலுக்கு வருவோம். ச்சோஷி ஸ்டேஷனில் இறங்கியதும் வெளியே போய்த் தேடாதீர்கள், நாங்கள் தேடினோம். இறங்கிய நடைமேடையிலேயே கோடி வரைக்கும் நடந்தால் காற்றாலை வடிவத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் நிற்பதுதான் இந்த வண்டி. டோக்கியோவில் அட்டையைத் தட்டித் தட்டியே பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை: கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுக்கிறார், தோளில் பையோடு, நிஜமான கண்டக்டர். கடைசி ஸ்டேஷன் வரை ஒரு தடவை போக 350 யென், நாள் முழுக்க ஏறி இறங்கும் சீட்டு 700 யென், நாங்கள் போன அன்று விலை அது. போய்த் திரும்பினாலே கணக்குச் சரியாகிவிடும், அதனால் யோசிக்காமல் நாள் சீட்டையே வாங்கிவிடுங்கள். நாங்கள் அன்று ஏழு தடவை ஏறி இறங்கினோம்.

வண்டிகள் எல்லாமே இரண்டாம் கை, சில மூன்றாம் கை. டோக்கியோவில் கெய்ஓ ரயில் கம்பெனியில் ஓடி, அங்கே வயதானதும் ஷிகோகு தீவின் மட்சுயாமாவுக்குப் போய் இன்னொரு ஆயுள் ஓடி, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தவை உண்டு. 2024 மார்ச்சில் ஓசாகா பக்கத்து நன்காய் ரயில் கம்பெனியிலிருந்து ஒரு ஜோடிப் பெட்டி வந்தது, அதுவும் அங்கே பல வருடம் உழைத்ததுதான். தரை கடகடக்கிறது, ஜன்னல் நடுங்குகிறது, வளைவில் வண்டி உடம்பை ஆட்டுகிற ஆட்டத்தில் என் மனைவி பக்கத்தில் இருந்த பாட்டியின் மடியில் உட்காராத குறை. பாட்டி சிரித்துக்கொண்டே கம்பியைக் காட்டினார்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். நுரே செம்பே என்று ஒரு தின்பண்டம் இருக்கிறது. செம்பே என்றால் அரிசி மாவில் தட்டிச் சுட்டு எடுக்கும் வட்டமான மொறுமொறு தட்டை. நுரே என்றால் நனைந்த. சுட்ட கையோடு சோயா சாஸில் ஊறப்போட்டு, மொறுமொறுப்பை வேண்டுமென்றே போக்கடித்து விற்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது ரயில்வே இல்லை, இந்த ஊர் செம்பே கடை ஒன்றுதான். 1995ல் ரயில்வேயும் செய்து விற்க ஆரம்பித்தது, டிக்கெட் காசில் மட்டும் பிழைக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டதால்.

2006ல் நிஜமான நெருக்கடி வந்தது. முன்னாள் தலைவர் ஒருவரின் பணக் கையாடல் விவகாரம், கடன், அதோடு அரசு மானியமும் நின்றுபோனது. சட்டப்படி வண்டிகளைப் பிரித்துப் பார்த்துச் செய்ய வேண்டிய ஆய்வுக்குக் கையில் பணம் இல்லை. ஆய்வு முடியாத வண்டியை ஓட்ட முடியாது, வண்டி ஓடாவிட்டால் கம்பெனியே இல்லை. அப்போது ஊழியர்கள் தங்கள் இணையதளத்தில் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். சுற்றி வளைக்காமல், வண்டி பழுது பார்க்கக் காசு சம்பாதிக்க வேண்டியிருக்கிறது, தயவுசெய்து நுரே செம்பே வாங்குங்கள் என்கிற அர்த்தத்தில். ஒரு ரயில்வே கம்பெனி தட்டை வாங்கச் சொல்லிக் கெஞ்சுகிறது என்று அது காட்டுத்தீயாகப் பரவி, செய்து அனுப்ப முடியாத அளவுக்கு ஆர்டர் குவிந்தது. வண்டி ஓடியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கும் இந்தக் கம்பெனிக்குப் பயணிகள் தருகிற காசைவிடத் தின்பண்டத்தில் வருகிற காசுதான் அதிகம்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்த பிறகு குறை சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் விமர்சனம் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் கடி எனக்குப் பிடிக்கவில்லை. கையில் எடுத்தால் அப்படியே வளைகிறது, அடர் பழுப்பு நிறம், விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறது. பல் வைத்தால் முதலில் தோல் மாதிரி இழுக்கிறது, அப்புறம் உள்ளே இருக்கும் அரிசி மெதுவாக விட்டுக்கொடுக்கிறது, அதற்குப் பின்னாலேயே சாஸின் உப்பு நாக்கில் ஏறுகிறது. மனைவி ஒரு வாய் மென்றுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, இதையே நம்ம வீட்ல நமுத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டிருப்போம். இவங்க பாக்கெட் போட்டு விக்கிறாங்க!"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டாவதை எடுத்தது அவள்தான். மென்று முடிக்க நேரம் ஆகிறது, ஆகிற நேரத்தில் சாஸின் காரசாரம் போய் ஒரு லேசான இனிப்பு வருகிறது, அதற்குள் கை தானாக அடுத்ததற்குப் போய்விடுகிறது. சிவப்புப் பாக்கெட் அடர்த்தியான சுவை, நீலம் இளசு, பச்சை இனிப்பு. சிவப்பு வாங்குங்கள். நீலத்தில் நனைந்த தன்மை மட்டும் இருக்கிறது, நனைத்ததற்கான காரணம் இல்லை. பச்சை குழந்தைகளுக்குப் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்து டோஸ்டரில் லேசாகக் காட்டிச் சாப்பிட்டால் ஓரம் மட்டும் மொறுமொறுத்து நடு இளகி, அது வேறு பண்டமாகவே ஆகிவிடுகிறது. சைவத்தில் கறாராக இருப்பவர்கள் எதற்கும் பாக்கெட்டின் முதுகைப் படம் பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஜப்பானில் மீன் சாறு எதிலெல்லாம் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சரக்கு மஸுய்போ. ஜப்பானில் உமாய்போ என்று சல்லிசான சோளக் குச்சி ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், உமாய் என்றால் ருசியான. அதை வைத்து 2018ல் இவர்கள் மஸுய்போ விட்டார்கள். மஸுய் என்றால் ருசி கெட்ட என்றும் அர்த்தம், நிலைமை மோசம் என்றும் அர்த்தம். மோசமாக இருப்பது குச்சியின் ருசி இல்லை, எங்கள் நிதிநிலைமைதான் என்பது விளக்கம். குச்சி சாதாரணச் சோளப்பொரிதான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அலுவலகத்தில் கொடுத்துச் சிரிக்க வாங்கலாம். கொரோனா சமயத்தில் தண்டவாளத்துக்கடியில் கிடக்கும் ஜல்லிக்கல்லைக்கூட விற்றிருக்கிறார்கள். வெட்கப்படுகிற கம்பெனியாக இருந்திருந்தால் எப்போதோ மூடியிருப்பார்கள்.

ஸ்டேஷன் பெயரையும் விட்டுவைக்கவில்லை. பணம் கட்டினால் கம்பெனிகள் ஸ்டேஷனுக்குச் செல்லப்பெயர் வைக்கலாம். கசகாமி குரோஹாயே என்ற ஸ்டேஷனுக்குத் தலைமுடிப் பொருள் விற்கும் கம்பெனி ஒன்று கொஞ்சம் எழுத்தை மாற்றி காமி நோ கே குரோஹாயே என்று வைத்தது, தலைமுடி கறுப்பாக முளைக்கிற மாதிரி அர்த்தம் வரும். வழுக்கை விழுந்துகொண்டிருக்கும் நான் அங்கே இறங்காமல் இருக்க முடியுமா? இறங்கினேன். முடியைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. ஆனால் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த காட்சி அங்கேதான் கிடைத்தது. முழுப் பாதையும் ஒற்றைத் தண்டவாளம், எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் அங்கேதான் விலகிக்கொள்கின்றன. இரண்டும் வந்து நின்றதும் வளையம் போட்ட பை ஒன்று கைமாறுகிறது, முன்னால் இருக்கும் பாதையில் போவதற்கான உரிமைச் சின்னம் அதற்குள் இருக்கிறது, அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. ஒரு கை வளையத்தை நீட்ட, இன்னொரு கை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ள, இரண்டு பேரும் தொப்பியைத் தொட்டுக்கொள்ள, வண்டிகள் எதிரெதிரே கிளம்பின. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதை மறுபடி பார்ப்பதற்காகவே அடுத்த வண்டி வரை நின்றோம். கோடியில் இருக்கும் கடைசி ஸ்டேஷனான தொகாவாவுக்கு வைத்த செல்லப்பெயர் அரிகாத்தோ, நன்றி என்று அர்த்தம்.

நடுவில் நக்கானோச்சோவில் கட்டாயம் இறங்குங்கள், முதல் ஸ்டேஷனிலிருந்து அடுத்ததே அதுதான். கதவு திறந்ததும் சோயா சாஸ் வாசனை முகத்தில் அடிக்கும், ஏனென்றால் யமாசா ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. ச்சோஷியின் இன்னொரு முகம் இதுதான், மீனுக்கு இணையானது. ஹிகேத்தா 1616ல், யமாசா 1645ல் என்று இரண்டு பெரிய சாஸ் குடும்பங்களும் இந்த ஊரில்தான் தொழிலை ஆரம்பித்தன. காரணம் ஆறு. முன்பு டோக்கியோ விரிகுடாவில் விழுந்துகொண்டிருந்த தோனே ஆற்றைத் தோகுகாவா குடும்பத்தின் ஆட்சியில் பல வருடம் வேலை செய்து கிழக்கே திருப்பி ச்சோஷியில் விட்டார்கள், படகில் சரக்கு ஏற்றினால் நேராக அன்றைய ஆட்சித் தலைநகரான எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, போய்விடலாம் என்று ஆனது. சுற்றுவட்டாரச் சமவெளியில் சோயாவும் கோதுமையும் விளைகின்றன, கடற்காற்றால் பெரிய வெயிலும் இல்லை பெரிய குளிரும் இல்லை, சாஸ் புளிக்க அதைவிட என்ன வேண்டும். யமாசாவின் ஏழாவது தலைமுறைத் தலைவர் ஹமகுச்சி கோர்யோவைப் பற்றித் தெரிந்துகொண்டபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1854ல் தன் சொந்த ஊரான வக்காயாமா பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் அவர் இருந்தபோது சுனாமி வந்தது, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்கள் மேட்டுக்கு ஏறி வர நெற்போர்களுக்குத் தீ வைத்து வெளிச்சம் காட்டினார். பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி அது நடந்த நவம்பர் 5ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறது. 2004ஐப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆலையில் சோயா சாஸ் ஐஸ்கிரீம் கிடைக்கிறது, தயங்காமல் சாப்பிடலாம், உப்புப் போட்ட கேரமல் மாதிரி இருக்கிறது.

ஸ்டேஷனை ஒட்டிய பட்டறை முற்றத்தில் டெக்கி 3 என்று ஒரு குட்டி மின்சார எஞ்சின் இருக்கிறது, 1922ல் ஜெர்மனியில் செய்தது. பொம்மை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதற்கப்புறம் வண்டி மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் நுழைகிறது, கிளைகள் ஜன்னலை உரசுகின்றன, வெளியே வந்தால் முட்டைக்கோஸ். கண்ணுக்கு எட்டிய வரை முட்டைக்கோஸ். பிப்ரவரியில் போனோம், டோக்கியோவில் குளிர் விறைத்த அந்தச் சமயத்தில் இங்கே வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. கடலில் சூடான நீரோட்டம் ஓடுவதால் இங்கே குளிர்காலம் மிதமாகத்தான் இருக்கும்.

இனுபோ ஸ்டேஷனில் இறங்கி பத்து நிமிடம் நடந்தால் இனுபோசாக்கி கலங்கரை விளக்கம். இனுபோ என்றால் நாயின் குரைப்பு. யோஷிட்சுனே என்ற போர்வீரன் விட்டுவிட்டுப் போன நாய் ஏழு நாள் இங்கே நின்று ஊளையிட்டது என்று ஒரு கதை. விளக்கு 1874ல் ஏற்றப்பட்டது, ரிச்சர்ட் பிரன்டன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் வடிவமைத்தது. செங்கல்லை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காமல் ஜப்பானிலேயே சுட்டார்கள், 1,93,000 செங்கல், உள்ளூர்ச் சரக்கு தாங்குமா என்று பிரன்டனுக்குச் சந்தேகமாம். தாங்கியிருக்கிறது. 300 யென் கொடுத்து 99 படி ஏற வேண்டும், பக்கத்தில் தொடங்கும் குஜூகுரி கடற்கரையின் பெயரிலும் 99 இருப்பது தற்செயல்தான் என்றாலும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மேலே போய்க் கதவைத் தள்ளினால் காற்று கதவைத் திருப்பித் தள்ளுகிறது. தொப்பி போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள், என் மனைவியின் தொப்பி இப்போது பசிபிக்கில் எங்கேயோ இருக்கிறது. மலை உச்சிகளையும் தீவுகளையும் விட்டுவிட்டால் புத்தாண்டு அன்று ஜப்பானில் முதலில் சூரியன் தெரிவது இங்கேதான், அன்று மட்டும் கால் வைக்க இடம் இருக்காது.

சாப்பாடு விஷயத்தில் எங்களுக்கு ராசியில்லை. ஒரு மீன் சாப்பாட்டுக் கடை வாசலில் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். ஐம்பது நிமிடம் நின்றோம். என் பெயரை அழைத்தார்களா, அழைத்தது என் பெயர்தானா என்றே புரியாத அளவுக்கு ஒரு உச்சரிப்பு கேட்டது, அதற்குள் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள், கேட்டபோது அன்றைய மீன் தீர்ந்துவிட்டது என்று குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு அழகாகத்தான் இருந்தது, வயிறு நிறையவில்லை. மதியம் பன்னிரண்டுக்கு முன்பே போய் வரிசையில் நில்லுங்கள், பெயரை இரண்டெழுத்தில் சுருக்கி எழுதுங்கள். நாங்கள் கடல் சுவரில் உட்கார்ந்து கடையில் வாங்கிய அரிசி உருண்டையும் மிச்சமிருந்த செம்பேயும் தின்றோம்.

கடைசி ஸ்டேஷன் தொகாவா 1923ல் பாதை திறந்தபோது கட்டிய மரக் கட்டடம். உள்ளே தேய்ந்த மரப்பலகை, கையால் எழுதிய கட்டணப் பட்டியல், ஒரு பழைய கடிகாரம். வெளியே வந்தால் சரிவான ஒற்றைத் தெரு நேராகக் கடலுக்கு இறங்குகிறது. தெருவில் ஒரு பூனையையும் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரையும் தவிர யாரும் இல்லை. இங்கிருந்து மேற்கே போனால் பியோபுகவுரா, பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு 50 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர். நடந்தே போய்விடலாம் என்று கிளம்பி, எதிர்காற்றில் பாதி வழியில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். சைக்கிளோ காரோ இல்லாமல் அதற்கு ஆசைப்படாதீர்கள். மாலை ஐந்துக்குப் பிறகு தொகாவாவில் திறந்த கடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, அதனால் திரும்பும் வண்டி நேரத்தைக் காலையிலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படம் பிடிக்கவில்லை. ஒரு வண்டி கண்ணெதிரே போனது, நாற்பது நிமிடம் அந்த மரப்பலகையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே முழுக்க இருட்டி, கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் பதினைந்து நொடிக்கு ஒரு தடவை வானத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. மனைவி பையைத் துழாவி, "ஏங்க, அந்தச் சிவப்பு பாக்கெட்ல இன்னும் ஒண்ணு இருந்துச்சே?" என்றாள். இல்லை, அதை நான் நக்கானோச்சோவிலேயே தின்றிருந்தேன். நீலம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுநாள் இணையத்தில் சிவப்பு ஆறு பாக்கெட் சொல்லியிருக்கிறோம்.